வாலைப் பார்த்து நாய் என்றோம்

வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் பதிலளிக்கும் பகுதி

சென்ற இதழில் தென்கொரியாவின் நாய்க்கறித் தடையைப் பற்றிப் போகிற போக்கில் நான்கு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களே இந்த மாதப் பக்கத்தை நிறைத்துவிட்டன. மாட்டுக்கு மடிநோய், கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் என்று எழுதியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். அவசரம் என்றால் என்னை நம்பிக் காத்திருக்காமல் பக்கத்து மருந்தகத்துக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: எங்கள் மாடிப் போர்ஷனில் நாகாலாந்தைச் சேர்ந்த மூன்று இளைஞர்கள் எட்டு மாதமாகக் குடியிருக்கிறார்கள். ஓட்டலில் வேலை. வாடகை ஒருநாள் தவறியதில்லை. ஆனால் தெருவே சோறு போட்டு வளர்த்த மணி என்ற நாயைப் பத்து நாளாகக் காணவில்லை. "அவர்கள்தான் சமைத்திருப்பார்கள், காலி செய்யச் சொல்லுங்கள்" என்று அக்கம்பக்கத்தார் நெருக்குகிறார்கள். எனக்கும் சந்தேகம் புகுந்துவிட்டது. என்ன செய்யட்டும், டாக்டரம்மா?
– பெயர் வேண்டாம், சென்னை

பதில்: முதலில் மணியைத் தேடுங்கள் அம்மா. கருத்தடை செய்த நாய்க்குக் காது மடலில் இடும் வெட்டு அடையாளம் இருந்ததா? இல்லையென்றால் கருத்தடைக்கு நாய் வண்டி பிடித்துப் போயிருக்கலாம். அப்படிப் பிடித்த நாயை அறுவை முடித்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்பக் கொண்டுவந்து விடவேண்டும் என்பது விதி. மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் விசாரியுங்கள். மணி ஆண் நாயா? எங்காவது பெட்டை பருவத்துக்கு வந்திருந்தால் நான்கு தெரு தாண்டிப் போய், அங்குள்ள நாய்களிடம் கடிபட்டுக் காருக்கடியில் படுத்திருக்கும். கிழநாய் என்றால் சாவதற்கு மறைவான இடம் தேடிப் போயிருக்கும். என் 31 வருடப் பணியில் "காணோம்" என்று அழுதுகொண்டு வந்தவர்களின் நாய்களில் பலவற்றைக் கடைசியில் நெடுஞ்சாலை ஓரத்தில்தான் கண்டெடுத்தோம். லாரி எந்த மாநிலத்தது என்று யாரும் கேட்கவில்லை.

இதில் ஒன்றைக்கூட உங்கள் தெருவில் யாரும் யோசிக்கவில்லை, கவனித்தீர்களா? மாடியில் முகவெட்டு வேறான மூன்று பேர் இருக்கிறார்கள், விசாரணை முடிந்துவிட்டது.

நாகாலாந்தில் நாய்க்கறி உண்ணும் வழக்கம் உண்டு, அதை மறைப்பானேன்? மருந்துக்குணம் இருப்பதாக நம்பிச் சாப்பிடுபவர்கள் இருக்கிறார்கள். வாயில் வைக்காத நாகர்களும் ஏராளம். 2020 ஜூலையில் அந்த மாநில அரசே நாய் இறக்குமதியையும் இறைச்சி விற்பனையையும் தடைசெய்தது. கொஹிமா வியாபாரிகள் வழக்குப் போட்டார்கள். 2023 ஜூன் 2ஆம் தேதி கவுகாத்தி உயர் நீதிமன்றத்தின் கொஹிமா கிளையில் நீதிபதி மார்லி வான்குங் அந்தத் தடையை ரத்து செய்தார். சட்டமன்றம் சட்டம் இயற்றாமல் தலைமைச் செயலாளர் ஒரு தாளில் கையெழுத்திட்டு இதைத் தடைசெய்ய முடியாது, உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்த அதிகாரம் வேறொருவருக்கு உரியது என்பது தீர்ப்பின் சாரம். நாகர்களிடையே இது இன்றும் ஏற்கப்பட்ட உணவு என்பதையும் அவர் பதிவு செய்திருக்கிறார்.

தடைக்குக் காரணமாக இருந்தவை சில புகைப்படங்கள். வாயைக் கயிற்றால் கட்டி, தலை மட்டும் வெளியே தெரியும்படி சாக்குக்குள் தைத்து, சந்தையில் வரிசையாக வைத்திருந்த நாய்கள். அந்தப் படத்தை நான் பார்த்தேன். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அது குற்றம்தான், 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி டில்லியிலும் குற்றம், நாகாலாந்தின் திமாப்பூரிலும் குற்றம். ஆனால் அந்தச் சாக்கைத் தைத்தவன் செய்த குற்றத்துக்கு உங்கள் மாடியில் குடியிருப்பவன் பொறுப்பாக மாட்டான்.

நாம் நாயைத் தின்பதில்லை. என்ன செய்தோம் என்று தெரியுமா? 1980களில் நான் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தபோது, பிடித்துவந்த தெருநாய்களை மாநகராட்சிக் கொட்டடியில் மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார்கள். மாணவர்களாக ஒருமுறை பார்க்கப் போனோம். என் தோழி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். கொல்லப்பட்ட நாய்கள் அவ்வளவு அதிகமாக இருந்ததால், 1970களில் சென்னையின் தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாய்த்தோலில் மனிதர் கட்டும் கழுத்து டையும் பணப்பையும் செய்து பார்த்ததாகப் பிராணிநல அமைப்பான ப்ளூ கிராஸ்காரர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த அமைப்பு 1960களிலிருந்து மன்றாடித்தான் 1996 வாக்கில் இங்கே கொல்வது நின்று கருத்தடை வந்தது. இத்தனைக்கும் பிறகு "நாயைக் கொல்லும் பழக்கம் நமக்கு இல்லை" என்று தெருமுனையில் நின்று பேச நமக்கு வாய் எப்படி வருகிறதோ!

வேறொருவருக்குச் சொந்தமான, அல்லது தெருவில் திரியும் நாயைக் கொன்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவு இருக்கிறது. ஆதாரம் இருந்தால் காவல் நிலையத்துக்குப் போங்கள். இல்லையென்றால் மாடி ஏறிப் போய் அந்தப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மணியைத் தேடப் புறப்படுங்கள். இரவுப் பணி முடிந்து வருகிறவர்களுக்குத்தான் எந்தத் தெருவில் எந்த நாய் படுத்திருக்கிறது என்பது நன்றாகத் தெரியும்.

கேள்வி: 2018இல் எழும்பூர் ரயில் நிலையத்தில் பெட்டி பெட்டியாக நாய்க்கறி பிடித்தார்களே? அதுவும் சென்னைதானே?
– வாசகர், திருவண்ணாமலை

பதில்: எதிர்பார்த்தேன், வந்துவிட்டது! அந்த வருடம் நவம்பர் மாதம், ஜோத்பூரிலிருந்து வந்த ரயிலில் 2,000 கிலோவுக்கு மேல் இறைச்சி பிடிபட்டது. தோலுரித்த உடல்கள், பின்னால் நீளமான வால். வாலைப் பார்த்ததும் "நாய்" என்று யாரோ சொன்னார்கள். மாலைக்குள் தொலைக்காட்சி முழுவதும் நாய். எங்கள் தெருமுனை பிரியாணிக் கடைக்காரர் ஈயோட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அம்மா, நீங்களாவது ஒரு போர்டு எழுதிக் கொடுங்கள்" என்றார் பாவம்.

மாதிரிகளை நான் படித்த கல்லூரிக்குத்தான் அனுப்பினார்கள். முடிவு: ஆட்டிறைச்சி.

நம் ஊர் மேச்சேரி ஆட்டுக்கும் சென்னைச் சிவப்புக்கும் வால் குட்டை. ராஜஸ்தானில் சோனாடி போன்ற இனங்களுக்கு வால் நீளம். நாம் பார்த்ததெல்லாம் நம் ஆட்டைத்தான், ஆகவே வேறு வால் கண்டதும் நாய். ஆட்டுத்தொட்டி என்னும் இறைச்சிக் கூடத்தில் மூன்று வருடம் பரிசோதகராக நின்றவள் என்ற முறையில் சொல்கிறேன்: வாலை விட்டுவிட்டு முன்னங்காலைப் பாருங்கள். ஆட்டுக்கு முழங்கைக்குக் கீழே உள்ள இரண்டு எலும்புகளும் ஒட்டி ஒன்றாகியிருக்கும். நாய்க்கு இரண்டும் தனித்தனி. இதை அறிய மரபணுச் சோதனைகூட வேண்டாம், நல்ல கசாப்புக்காரர் இருட்டில் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார். ஆனால் அவரை யாரும் கேட்கவில்லை. அந்த இறைச்சி சரியான குளிர்ப்பதனம் இல்லாமல் வந்ததா, பரிசோதித்து முத்திரை குத்தியதா என்ற உண்மையான கேள்விகளும் நாய்ப் பேச்சில் அடிபட்டுப் போயின.

கேள்வி: கொரியாவில் எத்தனையோ நூற்றாண்டுப் பழக்கத்தை ஒரே நாளில் தடை செய்துவிட்டார்கள். வெள்ளைக்காரர்களின் நெருக்கடிதானே காரணம்?
– ஆசிரியர் (ஓய்வு), நாகர்கோவில்

பதில்: ஒரே நாள் என்று சொல்ல முடியாது ஐயா. நெருக்கடி இருந்தது, ஆனால் அது வேலை செய்த விதம் வேடிக்கையானது.

1988 சியோல் ஒலிம்பிக்கின்போது வெளிநாட்டு விருந்தினர் கண்ணில் படக்கூடாது என்று அரசாங்கம் நாய்க்கறிச் சாறு விற்கும் கடைகளைப் பெரிய சாலைகளிலிருந்து சந்துகளுக்குத் தள்ளியது. அந்தச் சாற்றின் 'பொசின்தாங்' என்ற பெயரை மாற்றி, 'சத்துச் சாறு', 'நான்கு பருவச் சாறு' என்று பலகை வைத்துக்கொண்டார்கள். ஒலிம்பிக் முடிந்தது, சாறு கொதித்துக்கொண்டுதான் இருந்தது. 2002 உலகக்கோப்பைக் கால்பந்து வந்தபோது பிரெஞ்சு நடிகை பிரிஜித் பார்தோ போர்க்கொடி பிடித்தார். கொரிய வானொலியில் சோன் சொக்-ஹீ என்ற பெயர்பெற்ற செய்தியாளர் தொலைபேசியில் அவரைப் பேட்டி கண்டார். சில வெளிநாட்டவரும் கொரியாவில் இதைச் சாப்பிடுகிறார்களே என்ற பேச்சு வந்ததும் அம்மையார் சினந்து இணைப்பைத் துண்டித்துவிட்டார். அதன்பின் நாய்க்கறி தொடாத கொரியர்கள்கூட, 'குதிரையும் நத்தையும் தின்கிறவர்கள் எங்களுக்குப் பாடம் நடத்துவதா' என்று பொருமினார்கள். எதிர்ப்பு ஒரு தலைமுறைக்கு இந்தப் பழக்கத்தைத் தேசிய மானமாக்கிக் காப்பாற்றிக் கொடுத்தது என்றே நினைக்கிறேன்.

மாற்றியவர்கள் வீட்டுக்குள் இருந்தவர்கள். அடுக்குமாடியில் நாய்க்குட்டியோடு வளர்ந்த பிள்ளைகள். அங்கே இன்று ஏறக்குறைய நான்கில் ஒரு வீட்டில் செல்லப்பிராணி இருக்கிறது. மூன் ஜே-இன் அதிபரானதும், கறிப்பண்ணையிலிருந்து மீட்கப்பட்ட 'தோரி' என்ற கறுப்பு நாயை 2017இல் மாளிகைக்குக் கொண்டுவந்தார். 2021இல் தடையைப் பற்றி யோசிக்கும் நேரம் வந்துவிட்டது என்றார். அடுத்து வந்தவர் எதிர்க்கட்சிக்காரர், அவர் மனைவி கிம் கொன்-ஹீ இதைத் தம் சொந்தக் காரியமாகவே எடுத்துக்கொண்டார். வேறெதிலும் ஒத்துப்போகாத இரண்டு கட்சிகளும் 2024 ஜனவரி 9 அன்று சேர்ந்து வாக்களித்தன: ஆதரவு 208, எதிர்ப்பு ஒன்றுமில்லை, நடுநிலை 2.

கறிக்காக நாயைக் கொன்றால் மூன்று ஆண்டு வரை சிறை அல்லது 3 கோடி வொன் வரை அபராதம். வளர்ப்பதும் விற்பதும் குற்றம். சாப்பிடுவது குற்றமில்லை! தண்டனைக்கு 2027 பிப்ரவரி வரை அவகாசம். பண்ணையை முன்கூட்டி மூடுகிறவருக்கு ஒரு நாய்க்கு 6 லட்சம் வொன் வரை, தாமதமாக மூடினால் குறைத்து, இழப்பீடு. பண்ணைக்காரர்கள் பலர் அறுபது, எழுபது வயதுக்காரர்கள். 2023இல் அவர்கள் கூண்டு லாரிகளோடு அதிபர் அலுவலகப் பக்கம் வந்து, 20 லட்சம் நாய்களைத் தெருவில் அவிழ்த்துவிடுவோம் என்று மிரட்டினார்கள். அரசாங்கக் கணக்கில் பண்ணைகளில் இருந்தவை சுமார் 4,66,000. அவையெல்லாம் முப்பது நாற்பது கிலோ உடம்பு, மனிதக் கை பட்டதில்லை, பொது இடத்தில் நடக்கக் கற்றதில்லை. பத்தாவது மாடியில் வளர்க்க யார் எடுத்துப் போவார்கள்? சட்டம் போட்டவர்களை நான் பாராட்டுகிறேன். ஆனால் கருணைக்கொலை ஊசியைக் கையில் பிடிக்கப்போகும் சக மருத்துவரை நினைத்தால் எனக்கு விரல் கூசுகிறது.

கேள்வி: நீங்கள் கொரியாவுக்குப் போயிருக்கிறீர்களாமே. நேரில் பார்த்தீர்களா? சாப்பிட்டீர்களா?
– கல்லூரி மாணவி, மதுரை

பதில்: இரண்டாவது கேள்விக்குத்தான் பதில் வேண்டும் உனக்கு! இல்லையம்மா. ஜூலை மாதம் என் மகளும் மருமகனும் அழைத்துப் போய்ச் சாப்பிட வைத்தது 'சம்கியேதாங்'. ஒரு முழுக் குஞ்சுக்கோழியின் வயிற்றில் அரிசியும் ஜின்செங் வேரும் பூண்டும் திணித்து வேகவைத்த சாறு. 'பொங்னால்' என்னும் மூன்று கத்திரி நாள்களில் நாய்ச் சாறுக்குப் பதிலாக இப்போது ஊரே இதற்கு வரிசையில் நிற்கிறது.

பார்த்தேன். 2013இல், சியோலை ஒட்டிய சொங்நாம் நகரில் மோரான் சந்தை. 4, 9 என்று முடியும் தேதிகளில் கூடும் பெரிய சந்தை. நம் ஊர் வாரச்சந்தை மாதிரியே காய்ந்த மிளகாய் வாசனை, பலகாரம், பாட்டிகள். ஓர் ஓரத்தில் மட்டும் கடை வாசல்தோறும் கம்பிக் கூண்டுகள். மஞ்சள் நிற நாய்கள், ஒரு கூண்டில் ஏழெட்டு. என்னைத் திடுக்கிட வைத்தது சத்தமின்மை. அத்தனை நாய்கள், ஒன்றுகூடக் குரைக்கவில்லை. கம்பித் தரையில் நின்று நின்று பாதம் விரிந்து, விரலிடுக்கில் புண். தொழில் புத்தி, நான் பாதங்களைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடைக்காரர் முறைத்தார். என் மகள் பயந்து, "அம்மா கால்நடை மருத்துவர்" என்று சொல்லிவைத்தாள். மனிதர் முகம் மாறியது. உள்ளே போய்க் குட்டி வெள்ளை நாய் ஒன்றைத் துண்டில் சுற்றித் தூக்கிவந்தார். காதில் சீழ், பத்து நாளாகத் தலையை உதறுகிறதாம். பார்த்தேன், காதுப்பூச்சி. மருந்துப் பெயரை மகள் எழுதிக் கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு குனிந்து வணங்கினார். கூண்டுக்கும் அந்தத் துண்டுக்கும் நடுவே நாலடி இடைவெளி இருக்கும். நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் அப்பாவும் ஒரு கிடாய்க்குப் பெயர் வைத்து மடியில் போட்டுக் கொஞ்சியவர்தான், மற்ற கிடாய்களை ஐப்பசியில் விற்றவர்தான்.

அந்தக் கூண்டுகள் இப்போது இல்லை. 2016 இறுதியில் நகராட்சியும் வியாபாரிகளும் ஒப்பந்தம் போட்டு அகற்றத் தொடங்கினார்கள். பல கடைகள் ஆட்டுக்கறிச் சாறுக்கு மாறிவிட்டன.

கேள்வி: நாய்க்கறி உடல் சூட்டைத் தணிக்குமா?
– வாசகர், விருதுநகர்

பதில்: கோடையின் சூட்டைச் சூடான சாற்றால் வெல்லலாம் என்பது கொரியர்களின் பழமொழி. வருடம் முழுவதும் கஞ்சியும் ஊறுகாயுமாக இருந்த உழவனுக்குக் களையெடுப்புக் காலத்தில் கிடைத்த ஒரே கொழுப்பு அது, தெம்பு வந்திருக்கும். வேறு மாயம் எதுவும் இல்லை. நாமும் கழுதைப்பாலைச் சங்கில் ஊற்றிக் குழந்தைக்குப் புகட்டியவர்கள்தாமே!

ஆனால் இதில் ஓர் ஆபத்து உண்டு. ஆட்டை அறுப்பவருக்கு அபூர்வமான ஆபத்து: வெறிநோய். வேகவைத்தால் கிருமி செத்துவிடும், அறுத்துச் சுத்தம் செய்பவர் கையில்தான் வினை. வியட்நாமில் நாயையும் பூனையையும் அறுத்துச் சமைத்தபின் வெறிநோயால் இறந்தவர்களைப் பற்றி 2009இல் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: கால்பந்து ரசிகன் நான். மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள் பார்க் ஜி-சுங் பெயரில் பாடிய பாட்டு வெறும் கிண்டல்தானே? ஏன் நிறுத்தச் சொன்னார்?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: உங்களுக்குத் தெரிந்ததை மற்ற வாசகர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். 2005இல் அந்த அணியில் சேர்ந்த கொரிய வீரர் பார்க். அவர் நாட்டில் நாய் தின்பார்கள் என்று ஒரு பாட்டுக் கட்டி அவருடைய சொந்த ரசிகர்களே அன்போடு பாடினார்கள். ஊருக்குப் புதிதாய் வந்த இளைஞன், முதலில் தனக்கென்று ஒரு பாட்டு என்று பெருமைப்பட்டாராம். பாட்டின் பொருள் உறுத்தினாலும் பொறுத்துக்கொண்டார். ஓய்வுபெற்று வருடங்கள் கழித்து, 2021இல் இன்னொரு கொரிய வீரர் வேறொரு அணிக்கு வந்த நாளில் அதே பாட்டு அரங்கில் ஒலித்தபோதுதான், போதும் நிறுத்துங்கள் என்று வாய்திறந்து கேட்டார். தம்பி, உங்களைத் தூத்துக்குடிக்காரன் என்று சொல்லி, நீங்கள் சாப்பிடாத ஒன்றைப் பதினாறு வருடம் பாட்டாகப் பாடினால் கிண்டல் எந்த வருடத்தில் கசக்கும்?

கேள்வி: ஆடு, மாடு, கோழி தின்பவனுக்கு நாயைத் தின்பவனைக் குறைசொல்ல என்ன யோக்கியதை?
– வாசகர், ஈரோடு

பதில்: யோக்கியதை கம்மிதான். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பலர் நாய்க்காகவும் கேட்பதில்லை, மாட்டுக்காகவும் கேட்பதில்லை. வாயை அடைப்பதற்காகக் கேட்கிறார்கள். நீங்கள் அப்படி இல்லை என்று வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

அருவருப்பு வேறு, இரக்கம் வேறு. இரண்டும் ஒரே வயிற்றில் புரள்வதால் நமக்குக் குழப்பம். நாய்க்கறி என்றதும் எனக்கும் குமட்டுகிறது. அது நான் பிறந்த வீட்டின் பழக்கம், அதற்காக யாரையும் குறைத்துப் பேச எனக்கு உரிமை கிடையாது. விசுவாமித்திரரே பஞ்சத்தில் நாயின் தொடையைத் திருடித் தின்னப் போனார் என்று நம் பழங்கதை சொல்கிறது. அந்தக் கதை கேட்ட என் பாட்டிக்கு அவர் மேல் இருந்த மரியாதை குறையவில்லை. இரக்கம் என்றால் விலங்கின் பக்கம் நின்று பார்க்கவேண்டும். சாக்கில் தைத்த நாய்க்கு வலித்த வலிதான், சைக்கிள் ஹேண்டில்பாரில் காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்ட நாட்டுக்கோழிக்கும். வாளையார் சோதனைச்சாவடியில் ஒரு லாரியைத் திறந்து பார்த்திருக்கிறேன். பத்து மாடு கொள்ளும் இடத்தில் இருபத்தாறு. படுத்துவிடாமல் இருக்கக் கண்ணில் பச்சைமிளகாய் தேய்த்திருந்தார்கள். மூன்று மாடுகள் ஏற்கெனவே செத்து, மற்றவை அவற்றின்மேல் நின்றுகொண்டிருந்தன. யாருக்கும் அன்று சாப்பாடு இறங்காமல் போனதாகத் தெரியவில்லை. எனக்கும் இறங்கியது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று, இது தொழில்முறைப் பேச்சு. கொரியாவில் 1978இல் இறைச்சிச் சட்டத்தின் பட்டியலிலிருந்து நாயை எடுத்துவிட்டார்கள். நாயைத் தடைசெய்யவும் இல்லை, சேர்த்துக்கொள்ளவும் இல்லை. விளைவு, நாற்பது வருடத்துக்கு மேல் அங்கே ஒரு நாயைக் கொல்லுமிடத்தில் என்னைப்போல் முத்திரைக் கட்டையோடு நிற்க ஒரு பரிசோதகர் கிடையாது. எப்படிக் கொல்வது, எதைத் தீனியாகப் போடுவது என்று கேட்பார் இல்லை. பெரும்பாலும் ஓட்டல் எச்சில்தான் தீனி. பார்க்காமல் கண்ணை மூடிக்கொள்ளும் சட்டத்தைப்போல விலங்குக்குக் கொடியது வேறில்லை. நம் ஊரில் ஆட்டுக்கும் கோழிக்கும் சட்டம் இருக்கிறது. தெருவோரக் கடையில் தொங்கும் தொடையில் முத்திரை இருக்கிறதா என்று ஈரோட்டில் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். எங்கள் நாய்க்கும் தயிர்சாதம்தான். இது அதற்குக் கொடுமையா?
– இல்லத்தரசி, ஸ்ரீரங்கம்

பதில்: கொடுமை இல்லை அம்மா, ஆனால் வெறும் தயிர்சாதம் போதாது. மனிதரோடு வாழ்ந்து வாழ்ந்து நாய்க்கு மாவுச்சத்து செரிக்கும் வயிறு வந்துவிட்டது. புரதம்தான் குறையும். வேகவைத்த பருப்பு, பனீர், மனம் ஒப்பினால் ஒரு முட்டை சேருங்கள். உப்பு குறைவாக. சாம்பாரில் கிடக்கும் வெங்காயம் கூடவே கூடாது, திராட்சையும் சாக்லேட்டும் விஷம். வருடம் ஒருமுறை வெறிநோய் ஊசி. ரத்தச்சோகை வருகிறதா என்று ஈறைத் தூக்கிப் பாருங்கள், இளஞ்சிவப்பாக இருக்கவேண்டும்.

பூனை வாங்கும் யோசனை இருந்தால் மட்டும் முன்கூட்டியே எனக்கு எழுதுங்கள். அதைத் தயிர்சாதத்தில் வளர்க்க முடியாது.